ராக்கெட்டுக்கு வைத்த பெயர்கள்

தலைமை ஆசிரியையின் மேசைமேல் ஏழுமலை அந்தப் போனை ஓங்கி வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகத்தான் வைத்தார். திரையின் மேல் மூலையிலிருந்து கீழ்வரை ஒரு கீறல் ஓடியது. கீறலுக்குப் பின்னால் கறுப்பு வானம். அதில் பாதி வழியில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு சின்ன ராக்கெட்.

"இத்த நீங்கதான் சொல்லித் தரீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஏழுமலை, பத்தாம் வகுப்பு பவித்ராவின் அப்பா. ஊர் முள்ளிப்பட்டு. ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கிறார். முந்தின நாள் மகள் கையிலிருந்து பிடுங்கிய மனைவியின் போனை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நேராக வந்திருக்க வேண்டும். சட்டையில் ஊறிய நெல்லின் வாடை இருந்தது. காதோரம் உமிச் சாம்பல் ஒட்டியிருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப எம் பொண்ணோட டி.சி.ய குடுத்துடுங்க. நான் இட்டுகினு போறேன்."

தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பவே இல்லை. பொதுத் தேர்வுக்கு ஐந்து வாரம்கூட இல்லை. இப்போது டி.சி. வாங்கினால் அந்தப் பெண் எந்தப் பள்ளியிலும் தேர்வு எழுத முடியாது. அதை அவர் எடுத்துச் சொன்னார். ஏழுமலை தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, அதே சொல்லைத் திரும்பச் சொன்னார். டி.சி.

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

வெம்பாக்கத்திலிருந்து ஆரணிக்கு மாற்றலாகி வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். பள்ளியில் எல்லாருக்கும் பிடித்த டீச்சராக நான் எப்படி ஆனேன் என்று கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டேன். இந்த வாரம் எழுதப்போவதில் பெருமைக்கு இடம் குறைவு.

விழுந்துகினுதான் இருக்குது

அந்தக் காலைக்கு ஏழெட்டு மாதம் முந்தைய ஒரு மத்தியானம். சாப்பாட்டுக்குப் பிறகான முதல் பீரியட். ஈர்ப்பு விசைப் பாடம். மின்விசிறி சுற்றியும் காற்று வரவில்லை. பெண்கள் கண்களைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூக்கத்தை எல்லா ஆசிரியர்களும் அறிவார்கள்.

பூமி எல்லாவற்றையும் இழுக்கிறதே, நிலா மட்டும் ஏன் விழாமல் இருக்கிறது என்று கேட்டேன். பதில் வராது என்று தெரிந்து, பலகைப் பக்கம் திரும்பிச் சூத்திரத்தை எழுதத் தொடங்கினேன்.

"விழுந்துகினுதான் இருக்குது மிஸ்" என்றது ஒரு குரல்.

கடைசிக்கு முந்தைய வரிசையிலிருந்து பவித்ரா. அதுவரை அவள் வகுப்பில் வாயே திறந்ததில்லை. எழுந்து நிற்கச் சொன்னேன். பயந்துவிட்டாள். நிலா பூமியைப் பார்த்து விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் அவ்வளவு வேகமாகப் போவதால் பூமியைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறது என்று திக்கித் திக்கிச் சொன்னாள்.

சாக்பீஸை வைத்துவிட்டேன். இப்படி ஒரு பதிலை நான் அதுவரை எந்த மாணவியிடமும் கேட்டதில்லை. பாடப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்பவர்கள் உண்டு. இவள் சொன்னது, கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்வதுபோல இருந்தது.

எங்கே படித்தாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பள்ளி விட்டதும் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துக் கேட்ட பிறகுதான் சொன்னாள். அம்மாவின் போனில் ஒரு விளையாட்டு இருக்கிறது. நாமே ராக்கெட் கட்டலாம், எரிபொருள் நிரப்பலாம், ஏவலாம். பெரும்பாலும் வெடிக்கும், இல்லாவிட்டால் விழும். எப்போதாவது ஒன்று பூமியைச் சுற்றும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும், புடவைகூட மாற்றாமல் அதை என் போனில் இறக்கினேன். இயற்பியலில் முதுகலை முடித்தவள் நான். பத்தொன்பது வருடமாகச் சுற்றுப்பாதை வேகத்தைப் பலகையில் எழுதிவருபவள். என் முதல் ராக்கெட் நேராக மேலே போனது. வானம் கறுத்தது. நட்சத்திரங்கள் வந்தன. சமையலறையில் இருந்த என் கணவரை வந்து பார்க்கும்படி கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் அது திரும்பி, போன வழியிலேயே வந்து தரையில் மோதியது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மறுநாள் பவித்ராவிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அவள் என் போனை வாங்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "மேல போறது கொஞ்சம்தான் மிஸ். பக்கத்துல போறதுதான் நெறைய. கொஞ்சம் ஏறினதும் சாய்ச்சிடணும்" என்றாள்.

பலகையில் எத்தனை ஆயிரம் தடவை அந்த அம்புக்குறியைப் பக்கவாட்டில் வரைந்திருப்பேன். அது எதற்காக என்று அன்றுதான் என் கைக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை லேப்

சனிக்கிழமைகளில் மத்தியானம் இரண்டு மணிக்கு, விருப்பமுள்ளவர்கள் லேபுக்கு வரலாம் என்று அறிவித்தேன். தலைமை ஆசிரியை வாய்வார்த்தையாக அனுமதி கொடுத்தார். எழுத்தில் கேட்டுவாங்க எனக்குத் தோன்றவில்லை. பெற்றோரிடம் சொல்லவும் தோன்றவில்லை. இந்த இரண்டு தவறும் என்னுடையவை.

மாணவிகள் போன் கொண்டுவரக் கூடாது, என் போன் மட்டும்தான் என்று ஒரு விதி வைத்தேன். அதைப் புரொஜக்டரில் போட்டுச் சுவரில் காட்டுவோம். முதல் வாரம் ஐந்து பேர் வந்தார்கள். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் பதினாறு பேர்.

ராக்கெட் மட்டும் இல்லை. கேரம் போர்டு கொண்டுவந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பழைய பந்தம் உண்டு. வெம்பாக்கத்தில் எங்கள் சபைக் கூடத்தில் ஒரு கேரம் போர்டு இருந்தது. ஆண்கள் ஆடுவார்கள், பெண்பிள்ளைகள் பவுடர் தூவித் தரலாம். பவுடர் தூவிக்கொண்டே கவனித்தேன். ஒரு காய் இன்னொரு காயை நேராக அடித்தால் அடித்தது நின்றுவிடுகிறது, அடிபட்டது அதே வேகத்தில் போகிறது. ஏன் என்று கேட்டதற்கு, போய் உங்கம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு என்றார்கள். கல்லூரியில் உந்தம் பற்றிப் படித்த அன்று அந்தப் பவுடர் வாசனை நினைவுக்கு வந்தது. அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

என் லேபில் பெண்கள்தான் ஸ்ட்ரைக்கர் பிடித்தார்கள். பம்பரம் விட்டார்கள். சாய்ந்த பம்பரம் ஏன் உடனே விழுவதில்லை என்று சண்டை போட்டார்கள். போனில் கிரிக்கெட் ஆட்டத்தை ஓடவிட்டு, சிக்ஸர் போகும் பாதையைச் சுவரில் சாக்பீஸால் வரைந்தார்கள். அதே சிக்ஸரை நிலாவில் அடித்தால் எங்கே போய் விழும் என்று ஒருத்தி கேட்டாள். பதில் கிடைப்பதற்குள் ஐந்தரை மணி பஸ் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமைகளில் பவித்ராதான் எங்களுக்கு வழிகாட்டி. அவள் பேசினால் மற்றவர்கள் கேட்டார்கள். ஆனால் ராக்கெட் ஒருமுறை சுற்றி முடித்ததும், அதற்குப் பெயர் வைத்து விளையாட்டின் பொதுப் பட்டியலில் தொங்கவிடலாம் என்று வரும்போது மட்டும் அவள் ஒதுங்கிக்கொள்வாள். என் பெயரில் வேண்டாம் மிஸ் என்பாள். கூச்சம் என்று நினைத்தேன்.

நான் பிடுங்கிய போன்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பவித்ராவுக்கு ஓர் அக்கா உண்டு, ரேவதி. அவளும் என் மாணவிதான். பவித்ரா என் வகுப்புக்கு வருவதற்கு முன்பு, ரேவதி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பாடம் நடக்கையில் மேசைக்கு அடியில் போனை வைத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். ஏதோ விளையாட்டு. என்ன விளையாட்டு என்று பார்க்கக்கூட இல்லை. அவள் ஏதோ சொல்ல வந்தாள். வாயை மூடு என்றேன்.

அப்பாவை வரவழைத்தேன். இதே ஏழுமலைதான், இதே அறைதான். கேமிலேயே மூழ்கிக் கிடக்கிறாள், இப்படியே விட்டால் கெட்டுப்போவாள் என்று சொல்லிப் போனை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வீட்டு வாசல் கல்லில் அடித்து உடைத்தார். தேர்வு முடிந்ததும் கல்லூரி கிடையாது என்றார். மதிப்பெண் பட்டியலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சில மாதம் அம்மாவோடு தறியில் உட்கார்ந்திருந்த ரேவதி, ஒரு காலையில் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் திரும்பவில்லை. ஊர் என்னென்னவோ பேசியது. ஒரே ஒருமுறை பக்கத்து வீட்டுப் போனுக்கு அழைத்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன், ஹாஸ்டலில் இருக்கிறேன், தேடாதீர்கள் என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றார் ஏழுமலை.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் வதந்தியாகக் கேள்விப்பட்டேன். பாவம் என்றேன். என் பங்கு அதில் என்ன என்று நான் யோசித்ததாக நினைவில்லை.

மேசையைச் சுற்றி நான்கு பேர்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

"அன்னிக்கு இதே எடத்துலதான் நின்னேன்" என்றார் ஏழுமலை. குரல் உயரவில்லை. "கேம் ஆடி கெட்டுப்போறான்னு நீங்கதான் சொன்னீங்க. நம்பினேன். படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு நம்பினேன். ஒரு பொண்ணு போயிடுச்சு. இப்ப நீங்களே இன்னொண்ணுக்கு அத்தையே சொல்லித் தந்துகினு இருக்கீங்க. நான் எத்த நம்பறது?"

இரண்டும் ஒன்றல்ல, இது கற்பதற்காக என்று சொல்லலாம். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

தலைமை ஆசிரியை நல்லவர். ஆனால் கல்வி அலுவலகத்துக்கு ஒரு புகார் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். என்னிடம் விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். சனிக்கிழமை வகுப்பு இன்றோடு நின்றது என்றார். பவித்ராவைக் கூட்டிவரச் சொன்னார். அப்பா கண் முன்னால் அவளே அந்த விளையாட்டை அழித்துவிடட்டும், டி.சி. பேச்சை இதோடு விட்டுவிடுங்கள் என்று ஏழுமலையிடம் கேட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்து அவர் சரி என்றார்.

பவித்ரா வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். விஷயம் சொல்லப்பட்டது. போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். விரல் அசையவில்லை.

"அழி" என்றார் ஏழுமலை.

அவள் போனை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"பவித்ரா, அப்பா சொல்றாருல்ல" என்றார் தலைமை ஆசிரியை.

ஏழுமலை ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினார். அவர் அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்து அவள் குரல் வந்தது.

"அழிச்சா அக்கா போயிடும்பா."

"இன்னா சொல்ற?" என்றார் ஏழுமலை.

அவள் விளையாட்டைத் திறந்து ஒரு பக்கத்துக்குப் போய் நீட்டினாள். ஏழுமலை கண்ணாடியை மில்லிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்தார். "படிங்க."

ஒருவரின் பக்கத்தில் தொங்கும் ராக்கெட்டுகளின் பட்டியல் அது. ஒவ்வொரு ராக்கெட்டின் சின்னப் படம், பக்கத்தில் அதற்கு வைத்த பெயர். அவ்வளவுதான். பக்கத்துக்கு உரியவரின் பெயர் ரேவதி முள்ளி. பவித்ரா சொன்னாள்: அக்காவின் போனில் இருவரும் சேர்ந்து வைத்த பெயர் அது. அம்மாவுக்கென்று ஒரு போன் வாங்கியதும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தாள். புதுப் போனிலும் அக்கா அதே பெயரில் ஆடிக்கொண்டிருந்தாள். முதலில் கண்டபோது மூன்று நாளுக்கு முன் கட்டிய ராக்கெட் ஒன்று இருந்தது. உயிரோடு இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த விளையாட்டில் ஒருவருக்கொருவர் பேச வழியில்லை. ஆனால் ராக்கெட்டுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம், அதை இன்னொருவர் பக்கத்திலும் தொங்கவிடலாம்.

படித்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். அக்கா ஒன்று, தங்கை ஒன்று என்று மாறி மாறி.

"பவி நீயா."

"நான்தான்க்கா."

"அம்மா கால் வலி எப்படி."

"கொஞ்சம் தேவலை. நீ சாப்பிடறியா."

"சாப்பிடறேன். அப்பாகிட்ட சொல்லாதே."

அங்கே நிறுத்தினேன். ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டு, படிங்க என்றார்.

"அந்த பிசிக்ஸ் மிஸ் இன்னும் இருக்காங்களா."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். தொடர்ந்தேன்.

"இருக்காங்க. இப்ப நம்ம கேமையே லேப்ல சொல்லித் தராங்க."

"பொய்."

"நெஜம்க்கா."

"அன்னைக்கு இந்த கேம் சரியா சொல்லுதானு கணக்கு போட்டு பாத்துகினு இருந்தேன். கேக்கவே இல்ல."

அதுதான் அவள் எனக்குச் சொல்ல வந்தது. வாயை மூடு என்றேனே, அது.

போனை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். தலைமை ஆசிரியை தானே எழுந்து, குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு ஏழுமலையிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அவர் முதல்தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடைசியா எப்ப வெச்சது?" என்று பவித்ராவைக் கேட்டார்.

"முந்தாநேத்து."

"நான் எழுதினா அதுக்குப் போவுமா?"

"ராக்கெட் கட்டணும்பா. ஒரு சுத்து முழுசா சுத்தினாதான் பேர் வெக்க வுடும். நான் கட்டித் தரேன், நீ பேர் சொல்லு."

அவர் யோசித்தார். வேண்டாம் என்று தலையாட்டினார். "நீ கட்னா அதுக்குத் தெரிஞ்சுடும் இல்ல?"

தெரியும் என்றாள் பவித்ரா. ராக்கெட்டைப் பார்த்தாலே அது யார் கட்டியது என்று அக்கா சொல்லிவிடுவாள்.

"அப்ப நானே கட்றேன்" என்றார் ஏழுமலை.

உமியும் நெருப்பும்

நின்றுபோன சனிக்கிழமை வகுப்பு அந்தச் சனிக்கிழமையே நடந்தது. எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கவேண்டும் என்ற நிபந்தனையோடு தலைமை ஆசிரியை ஒத்துக்கொண்டார். முதல் கையெழுத்து ஏழுமலையுடையது.

ஷிப்டு மாற்றிக்கொண்டு, தலை வாரி, கண்ணாடியோடு வந்திருந்தார். பவித்ரா அவர் பெயரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். பதினாறு பெண்களும் பென்ச்சின் ஓரத்தில் அமைதியாக நின்றார்கள். அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பவித்ராவே சொல்லியிருந்தாள்.

முதல் ராக்கெட் கிளம்பிய இடத்திலேயே வெடித்தது. இரண்டாவது நேராக மேலே போய் நேராக இறங்கியது, என்னுடையதைப் போலவே. இவ்வளவு உயரம் போனது எதற்கு விழுகிறது என்று கேட்டார். ஒருத்தி பதில் சொன்னாள், இன்னொருத்தி பலகையில் வரைந்தாள். அவர் பலகையைவிடச் சுவரில் தெரிந்த எரிபொருள் அளவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒரேடியா எரிஞ்சுடுது" என்றார். பாய்லரில் உமியை அள்ளி ஒரே தடவையில் கொட்டினால் நெருப்பு அமுங்கிப் புகைதான் வரும், நீராவி ஏறாது, கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும் என்று விளக்கினார். ராக்கெட்டில் நடப்பது அதேதான் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் அதிலிருந்து பிடித்துக்கொண்டார். எரிபொருளை மூன்று அடுக்காகப் பிரித்தார். காலியான அடுக்கைக் கழற்றிவிட்டார். விசையைக் குறைத்தார், கூட்டினார். கொதிகலனின் வால்வைத் திருப்புகிறவரின் விரல்கள். அவசரம் இல்லை.

ஆறாவது சாய்ந்த வேகத்தில் காற்றில் உடைந்தது. ஏழாவது ஒரு பக்கம் போய்க் கடலில் விழுந்தது. அவர் நெற்றியில் வியர்வை. மின்விசிறியைக் கூட்டினேன். எட்டாவதைத் தொடங்கும்முன் ஒருத்தி, பேஜாராகாதீங்க அங்கிள், எங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு என்றாள்.

ஒன்பதாவது ஏறியது. கொஞ்சம் ஏறியதும் சாய்த்தார். முதல் அடுக்கு கழன்றது, இரண்டாவது கழன்றது. கடைசி அடுக்கில் எரிபொருள் விரல் நகம் அளவுக்கு மிச்சம். திரையில் பாதை வில்லாக வளைந்து பூமியின் மறுபக்கம் போனது. அந்தக் கோடு தரையைத் தொட்டால் விழுந்துவிடும். பவித்ரா என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். கோடு தரையைத் தொடாமல் வளைந்து, கிளம்பிய இடத்தின்மேல் வந்து சேர்ந்தது.

கைதட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ராக்கெட்டை ரேவதியின் பக்கத்தில் தொங்கவிட, பெயர் கேட்டு ஒரு கட்டம் திறந்தது.

ஏழுமலை போனை என்னிடம் தந்தார். "எழுதுங்க மிஸ். போன் ஒடச்சது தப்பு. அப்பா."

எழுதினேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் நானும் ஒரு ராக்கெட்டைச் சுற்றவிட்டேன். "கேக்காதது தப்பு. பிசிக்ஸ் மிஸ்" என்று பெயர் வைத்து ரேவதியின் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

நான்கு நாள்

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அறிந்ததும் ரேவதி என்ன செய்வாள்? எங்களுக்கு இருந்த பயம் அதுதான். பெயரை அழித்துவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடலாம். அப்படிப் போனால் பவித்ராவுக்கு இருந்த ஒரே நூலும் அறுந்துபோகும். அதை அறுத்தவர்களில் மறுபடியும் நான் இருப்பேன்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசையில் நின்ற பவித்ராவைத் தேடினேன். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். செவ்வாய், அதே தலையாட்டல். ஏழுமலை வேலைக்கு நடுவில் இரண்டு தடவை பள்ளி வாசலுக்கு வந்து காவலாளியிடம் மகளைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். சாந்தியம்மா, பவித்ராவின் அம்மா, தறியை விட்டு எழுந்து எழுந்து போனைப் பார்ப்பதால் இழை அறுந்துகொண்டே இருக்கிறதாம்.

புதன்கிழமை காலை பவித்ராவை வரிசையில் காணவில்லை. முதல் பீரியடின் நடுவில், ஓடிவந்த மூச்சோடு வகுப்பு வாசலில் நின்றாள். பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள். அக்காவின் புது ராக்கெட்டுக்கு இருந்த பெயரை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவந்து காட்டினாள்.

"ஞாயிறு லீவு. 10 மணி. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு எதிர்ல டீ கடை. அப்பா மட்டும்."

என் ராக்கெட்டுக்குப் பதில் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

ஞாயிறன்று ஏழுமலை விடிவதற்குள் கிளம்பி, காஞ்சிபுரத்தில் பஸ் மாறிப் போயிருக்கிறார். திங்கட்கிழமை காலை, மணி அடிக்கும் முன்பே, லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன்.

"பாத்தேங்க" என்றார். "எளைச்சுப் போயிருக்குது."

டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். வீட்டுக்கு வா என்று இவர் கேட்கவும், வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். திட்டவில்லை, அழவில்லை. ஹாஸ்டல் பழகிவிட்டது, வேலையும் பழகிவிட்டது என்றாள். அம்மா வேண்டுமானால் வந்து பார்க்கட்டும் என்றாள். கிளம்பும்போது, பெட்டியில் பூட்டிய மதிப்பெண் பட்டியலைக் கேட்டாள்.

"குடுக்கறதா சொன்னீங்களா?"

"வர்ற ஞாயித்துக்கெழம எடுத்துகினு போறேன். சாந்தியும் வருது." சட்டைப் பையைத் தடவி ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். "உங்களாண்ட ஒண்ணு கேட்டுகினு வரச் சொல்லிச்சு. வேல பாத்துகினே தபால்ல பிசிக்ஸ் படிக்க எங்கெங்க எடம் இருக்குது, எந்த மாசம் எழுதிப் போடணும்னு."

அந்தச் சீட்டில் ரேவதியின் கையெழுத்தில் அந்தக் கேள்வி மட்டும் இருந்தது. என் பெயரோ, வணக்கமோ, வேறு ஒரு சொல்லோ இல்லை. மன்னித்துவிட்டாள் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. கேள்வி கேட்டிருக்கிறாள். பதில் தெரிந்தவளிடம் கேட்டிருக்கிறாள்.

மேசையில் உட்கார்ந்து ஒரு முழுத்தாள் எடுத்து எழுதினேன். எங்கே சேரலாம், என்ன சான்றிதழ் வேண்டும், செய்முறைத் தேர்வுக்கு விடுப்பு எப்படிக் கேட்பது, எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம். ஒரு பக்கம் போதவில்லை. மணி அடித்தது. பெண்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை ஏழுமலை நின்றபடியே காத்திருந்தார்.